பதவி இல்லாத செல்வாக்கு

(ஓட்டப்பிடாரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊரில் நின்றுகொண்டு வ.உ.சி.யைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் இந்த ஊரில் அவர் பிறந்ததும், இங்கேயே வக்கீல் தொழில் தொடங்கியதும், தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் விட்டதும், கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆகவே வரலாற்றை ஒப்பிக்க நான் வரவில்லை. ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்து, அதற்கு விடை தேடிப் பார்க்கவே வந்திருக்கிறேன். பதவியில் இருந்தவர்களையே பத்து ஆண்டில் மறந்துவிடும் இந்த உலகம், ஒரு நாள்கூடப் பதவியில் இல்லாத ஒரு மனிதரை நூறாண்டு கடந்தும் ஏன் மறக்கவில்லை? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால், கொஞ்ச நேரம் கடல் கடந்து அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் பதவியைவிடப் பெரிய பதவி இன்றைய உலகில் இல்லை என்கிறார்கள். பதவியை விட்டு இறங்கிய பிறகும் அவருக்கு ஓய்வூதியம் உண்டு. அதற்கென்றே 1958-இல் சட்டம் போட்டார்கள். அவருடைய கோப்புகளைக் காக்க ஒரு நூலகம் உண்டு, பாதுகாப்புக்கு ஆட்கள் உண்டு. இத்தனை இருந்தும் மக்கள் எல்லோரையும் நினைவில் வைத்திருக்கிறார்களா? இல்லை. சிலரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜிம்மி கார்ட்டர் 1980 தேர்தலில் 50 மாநிலங்களில் 44-ஐப் பறிகொடுத்துத் தோற்றவர். அன்றைக்கு அவரைக் கேலி பேசாத பத்திரிகை குறைவு. ஆனால் அதற்குப் பின் வாழ்ந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? நம் பெரியவர்கள் நரம்புச் சிலந்தி என்று சொல்லும் கொடிய நோயை ஒழிக்கக் கிளம்பினார். 1986-இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2024 டிசம்பரில் அவர் தம் நூறாவது வயதில் கண்ணை மூடியபோது ஆண்டுக்கு இருபது பேருக்கும் கீழே வந்திருந்தது. கேலி பேசிய நாடே அவரைத் தலைதாழ்த்தி வழியனுப்பியது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பதவி ஒருவரைத் தெரிய வைக்கும், நிலைக்க வைக்காது. நிலைக்க வைப்பது வேறொன்று.

அந்த வேறொன்று எது என்று காண, பதவியே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வதுதான் சரியான சோதனை. நம் சிதம்பரனாரிடம் என்ன இருந்தது? மந்திரி பதவி இல்லை, சட்டசபை இடம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. நடத்திய நிறுவனம் மூழ்கியது. வக்கீல் சன்னது பறிபோனது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்க வந்தவர்கள் மிகச் சிலர். சென்னையில் அரிசியும் நெய்யும் மண்ணெண்ணெயும் விற்றுக் குடும்பம் நடத்தினார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்து சேர்வதற்காகக் காந்தியடிகளுக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. உலகக் கணக்கில் பார்த்தால் இது தோல்வியின் கதை. தோற்றவரை உலகம் நினைக்குமா? நினைக்கிறதே! ஏன்?

முதல் விடை எல்லோர் நாவிலும் தயாராக இருக்கிறது: அவர் பட்ட துன்பம். செக்கிழுத்த செம்மல் என்றால் போதும், கேட்கிறவர் கண் கலங்கும். 1908 ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது நிறையவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை இழுக்க வைத்தார்கள். அந்தத் துன்பத்தைச் சிறிது என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலச் சிறைகளில் செக்கிழுத்தவர் அவர் ஒருவர்தானா? அந்தமானில் இழுத்தார்கள், மற்றச் சிறைகளில் கல் உடைத்தார்கள், சணல் திரித்தார்கள். பெயர் தெரியாமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். துன்பம்தான் புகழுக்குக் காரணம் என்றால் அவர்கள் அத்தனை பேர் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே! அப்படியானால் துன்பம் அந்தப் புகழுக்கு உருக்கம் சேர்த்தது. வேரை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது விடை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 1961-இல் பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் நடிக்காமல் போயிருந்தால் வ.உ.சி.யை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் சினிமாவின் பலத்தைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தப் படம் வெளிவந்தபோது வசூலில் பெரிய வெற்றி பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்துக்கு முன்பே, 1940-களிலேயே, ம.பொ.சிவஞானம் அதே பெயரில் புத்தகம் எழுதிவிட்டார். 1949-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பலுக்கு வ.உ.சி. பெயரைச் சூட்டி இராஜாஜி தொடங்கி வைத்தார். 1951-இல் தூத்துக்குடியில் அவர் பெயரில் கல்லூரி வந்தது. ஆக, சினிமா வந்து அவரைத் தேடி எடுக்கவில்லை. ஏற்கெனவே மக்கள் நெஞ்சில் இருந்தவரைத்தான் சினிமா தேடி வந்தது.

மூன்றாவது விடை: அரசாங்கம் பெயர் வைத்தது, சிலை வைத்தது, தபால்தலை போட்டது, அதனால்தான் நினைவு நிற்கிறது என்பது. இதற்கு மறுப்புச் சொல்ல வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. நம் மாவட்டமே சாட்சி. 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தப் பகுதிக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, தலைவர்கள் பெயரைச் சொல்லிச் சாதிச் சண்டை மூண்ட காலத்தில், 1997-இல், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. பேருந்திலும் அலுவலகப் பலகையிலும் இருந்த பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். அதனால் அவர் புகழ் ஓர் அங்குலம் குறைந்ததா? குறையவில்லை. 2011-இல் துறைமுகத்துக்கே அவர் பெயர் வந்தது. அதனால் ஓர் அங்குலம் கூடியதா? அதுவும் இல்லை. பலகை வரும், பலகை போகும். பலகையை நம்பி நிற்கிற புகழாக இருந்தால் 1997-இலேயே சரிந்திருக்கும்.

அப்படியானால் எதை நம்பி நிற்கிறது? என் விடை இதுதான்: அவர் மக்களைக் கைதட்டுகிறவர்களாக வைத்திருக்கவில்லை, பங்காளிகளாக ஆக்கினார். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். 1799-இல் அதே அக்டோபர் 16-இல்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தேதி ஒத்துப்போனது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். கோட்டையைப் பீரங்கி தகர்த்துவிட்டது என்பதை இந்த மண் கண்ணால் பார்த்திருக்கிறது. நூற்றேழு ஆண்டு கழித்து இதே மண்ணில் பிறந்த ஒருவர் வெள்ளைக்காரனை எதிர்க்கக் கிளம்பியபோது கையில் எடுத்தது என்ன? பங்குப் பத்திரம். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு 40,000, ஒரு பங்கு 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வெள்ளைக்காரன் எந்த ஆயுதத்தால் இந்த நாட்டைப் பிடித்தான்? கம்பெனி என்ற ஆயுதத்தால்தானே! அதே ஆயுதத்தை அவன் சட்டப்படியே பதிவு செய்து, அவன் கண்ணெதிரே கூர்தீட்டியவர் நம் சிதம்பரனார்.

அன்றைய தூத்துக்குடிக் கடலை நினைத்துப் பாருங்கள். கரையோரம் ஆழம் போதாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதியானாலும் மனிதரானாலும் தோணியில் ஏறிப் போய்த்தான் கப்பலைத் தொட வேண்டும். தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தும் தோணி தள்ளியும் அந்தக் கடலை உள்ளங்கைபோல அறிந்தவர்கள் நம்மவர்கள். ஆனால் தோணி போய் அணைகிற கப்பல் வெள்ளைக்காரனுடையது. கொழும்புக்குப் போகிறவன் அவன் சொன்ன கட்டணத்தைக் கொடுக்க வேண்டும், அவன் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். அந்தக் கடலில்தான் 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு சுதேசிக் கப்பல்கள் வந்து நின்றன. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பலைப் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி நெருக்கடி கொடுத்துத் திரும்பப் பெற வைத்தபோது, இனி சொந்தக் கப்பல் என்று முடிவெடுத்து வாங்கியவை இவை. எதிரிக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் கட்டணமே வேண்டாம், வந்து ஏறுங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றது! கொஞ்சம் நின்று யோசியுங்கள். உலகக் கடல்களில் கொடி பறக்க விட்ட ஒரு கம்பெனியை, தூத்துக்குடித் துறையில் நின்று கூவிக் கூவிக் குடை கொடுக்க வைத்தவர் யார்? ஓட்டப்பிடாரத்து வக்கீல்!

இங்கே ஒரு தடை எழும். ‘பங்காளிகள் என்கிறீரே, அந்தக் காலத்தில் 25 ரூபாய் ஏழையின் கையில் ஏது? பங்கு வாங்கியவர்கள் பணக்காரர்கள்தானே?’ என்று கேட்கலாம். உண்மைதான், ஒளிக்க வேண்டியதில்லை. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்கு வாங்கினார். அது 2 லட்சம் ரூபாய், மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒன்று. பெரிய முதலாளிகள் இல்லாமல் கப்பல் மிதந்திருக்காது. ஆனால் சிதம்பரனார் அதோடு நின்றாரா? அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார். 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி போதாது, வார விடுமுறை கிடையாது. முன்னின்று நடத்தியவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். பங்கு விற்று முதல் திரட்டி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. முதலாளிகளின் தயவு மிகவும் தேவைப்பட்ட நேரம். அரசியலை விட்டு ஒதுங்கியிருங்கள் என்று கம்பெனிக்குள்ளிருந்தே நெருக்கடி வந்த நேரம். அந்த நேரத்தில் அவர் ஆலை வாசலில் போய் நின்றார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வார விடுமுறை கிடைத்தது. 25 ரூபாய் இல்லாதவனுக்கும் இந்த ஊர் விவகாரத்தில் ஒரு பங்கு உண்டு என்று காட்டிவிட்டார். பணம் உள்ளவனிடம் பணத்தைக் கேட்டார். பணம் இல்லாதவனுக்கு அவன் உரிமையைக் கேட்டார். இரண்டையும் ஒரே மனிதர் செய்ததுதான் அதிசயம்.

அந்தப் பங்கு உணர்வு எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு 1908 மார்ச் மாதமே சாட்சி. அந்த நாள்களில் தூத்துக்குடியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு வக்கீல் முகம் மழித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். முடிதிருத்துபவர் பாதி முகத்தை மழித்திருக்கிறார். பேச்சு வாக்கில், வக்கீல் அரசாங்கத்தின் பக்கம் என்று தெரிகிறது. கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுகிறார். வக்கீல் அரைமுகத்தோடு நிற்கிறார்! அந்த முடிதிருத்துபவர் கம்பெனியில் பங்கு வாங்கியிருப்பாரா? இருக்க முடியாது. ஆனாலும் தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை, வேலை செய்ய மாட்டேன் என்ற மறுப்பை, தன் பங்காகப் போட்டார். மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்களோடு குதிரைவண்டிக்காரர்களும் நகரசபைத் துப்புரவுப் பணியாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஒரு தலைவருக்காக மக்கள் அழுவது உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுப்பது அரிது. தினக்கூலிக்காரன் விட்டுக்கொடுத்தான் என்றால், அவன் அந்தக் காரியத்தைத் தன் காரியம் என்று நினைத்தான் என்றுதான் பொருள்.

‘இருக்கட்டும் ஐயா, கடைசியில் கம்பெனி தோற்றதே?’ தோற்றது. அவர் சிறைக்குள் போன பிறகு தடுமாறி, 1911-இல் கலைக்கப்பட்டது. இலவசமாக ஏற்றிச்செல்கிற எதிரியோடு கட்டணம் வாங்கிப் பிழைக்க வேண்டிய கம்பெனி எத்தனை நாள் போட்டியிட முடியும்? இதில் கணக்குப் பிழைகளும் இருந்திருக்கலாம், பங்குதாரர்களின் அச்சமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சீர்தூக்கிப் பாருங்கள். வெறும் வியாபாரப் போட்டியால் அந்தக் கம்பெனியை வீழ்த்த முடியும் என்று நம்பியிருந்தால், அதை நடத்தியவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை எதற்கு? குடை கொடுத்தும் நிற்காததைத்தான் கூண்டில் ஏற்றி நிறுத்தினார்கள். கம்பெனியின் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது. நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கைக் கணக்கு அன்று திறந்தது, இன்றும் மூடப்படவில்லை.

இன்னொரு தடை கொஞ்சம் கசப்பானது. அவரை இன்று கொண்டாடுகிறவர்களில் பலர் சாதிப் பெருமைக்காகத்தானே கொண்டாடுகிறார்கள் என்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கை அதற்கு இடம் கொடுக்கிறதா? அவருடைய கம்பெனிக்குத் தலைவர் பாண்டித்துரைத் தேவர், பெரும்பங்கு போட்டவர் பக்கீர் சேட், மேடையில் தோள் கொடுத்தவர் சுப்பிரமணிய சிவா, பாட்டால் பரப்பியவர் எட்டயபுரத்துப் பாரதி. இந்த ஓட்டப்பிடாரத்திலேயே, இராமையா தேசிகர் என்ற கண்பார்வை இல்லாத ஒடுக்கப்பட்ட வகுப்புத் துறவியைத் தம் வீட்டில் வைத்து உணவளித்தார். ஊர் முணுமுணுத்தது. அவர் மனைவி வள்ளியம்மையார் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் அந்தத் துறவிக்கு உணவு பரிமாறினார். 1927-இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பேசியபோது, பின்தள்ளப்பட்ட வகுப்பாருக்கு உரிய இடம் தரவேண்டும் என்று காங்கிரஸ் மேடையிலேயே சொன்னார். ஒரு சாதிக்குள் அவரை அடைக்கப் பார்க்கிறவர்கள், அவர் கட்டிய கப்பல் கம்பெனியின் பங்குதாரர் பட்டியலை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அதில் இடம் கிடைக்காத சாதி எது, மதம் எது?

பிற்கால வாழ்க்கையிலும் அதே குணம்தான். பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. ஆங்கில ஆட்சியோடு அத்தனை பெரிய வழக்கு இருந்தும், செய்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வறுமையிலும் திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். மனிதர்களிடம் அவருக்குப் பகை இல்லை. ஒரு முறையோடுதான் பகை. எதிரியின் மனிதத் தன்மையையும் கணக்கில் வைத்த அந்த நேர்மைதான், அவரை வெறுப்பின் அடையாளமாக ஆக்கப் பார்க்கிற எவர் கைக்கும் அகப்படாமல் காக்கிறது.

பெரியோர்களே, முடிவுக்கு வருகிறேன். ஒருவரை மக்கள் தெரிந்துகொள்ளப் பதவி போதும். இரக்கப்படத் துன்பம் போதும். பெயரை எழுதி வைக்கப் பலகை போதும். ஆனால் தலைமுறை தாண்டி நெஞ்சில் நிற்க வேண்டுமானால், ‘இது உன் காரியம், இதில் உனக்கும் பங்கு உண்டு’ என்று அவர் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதற்கான விலையைத் தாமே கொடுத்திருக்கவும் வேண்டும். சிதம்பரனார் இரண்டையும் செய்தார். ஆகவே மாணவ மாணவியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி அவர் பிறந்தநாளில் அவர் எப்படிச் செக்கிழுத்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். 25 ரூபாய்ப் பங்காகப் பிரித்து 10 லட்சம் திரட்ட எப்படித் திட்டமிட்டார், ஆலைத் தொழிலாளியை எப்படி ஒன்றுசேர்த்தார், முதலாளியையும் தொழிலாளியையும் எப்படி ஒரே ஊரின் மக்களாகப் பார்த்தார் என்று கேளுங்கள். செக்குக்கு அவரை அனுப்பியவன் வெள்ளைக்காரன். கப்பலைத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஒரு மனிதரை மதிப்பது என்றால், பிறர் அவருக்குச் செய்த கொடுமையைவிட, அவராகத் தேர்ந்தெடுத்துச் செய்த காரியத்தை முன்னே வைத்து மதிக்க வேண்டும். அப்படி மதித்தால் அவரை வணங்குவதோடு நிற்க மாட்டோம். நம் ஊரில், நம் காலத்தில், நாம் பங்கு போட்டு எழுப்ப வேண்டியது என்ன என்று கேட்கத் தொடங்குவோம். அந்தக் கேள்வி ஓட்டப்பிடாரத்திலிருந்தே எழட்டும்.